விசிறி ஏன் சுழலவில்லை?



மோட்டார் காரின் முன்புறத்தில் ரேடியேட்டர் என்னும் வெப்பம் ஆற்றும் கருவி இருக்கிறது. அதையொட்டி ஒரு விசிறி இருக்கிறது. அந்த விசிறி சுழலாமற் போனால் காரணத்தை எவ்வாறு கண்டறிவது? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதைப்பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. அப்படிப்பட்ட ஒரு விசிறி என்னை இரண்டு வாரம் ஏமாற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரத்தைப்பற்றிப் பாடம் சொன்ன என்னை, அது மீண்டும் மாணவனாக்கிப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என்னிடம் பதினைந்து ஆண்டுப் பழமையான சிறிய கார் ஒன்று உண்டு. ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில், என் மனைவியையும், ஏழாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த பேரனையும் ஏற்றிக்கொண்டு, 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டேன். சாலையில் செல்லும்வரை குறை ஒன்றும் தெரியவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த்திசையிலிருந்து இன்னொரு வண்டி வரவேண்டும் என்றார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமலே காத்திருந்தேன். பேரன்தான் முதலில் கண்டான். "தாத்தா, அந்த முள் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது, பாருங்கள்" என்றான். "வெயில் அப்படியப்பா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிற்று. என் மனைவி பதறிக்கொண்டு கீழே இறங்கினாள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு புளியமரத்து நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வண்டி ஆறிய பிறகு மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். உறவினர் வீட்டு விருந்து அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எஞ்சினுக்கு இத்தனை குளிர்ச்சி ஏன் வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏந்திச் சென்று வெளிக்காற்றில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உலோகம் அளவுக்கு மீறி விரியும். எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். சிலிண்டரின் தலைப்பகுதி கோணிப்போகும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில நிமிட அசட்டை ஓர் எஞ்சினையே அழித்துவிடக்கூடும்.

இது மோட்டார் வண்டியோடு பிறந்த தொல்லை. 1886-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சூழ்ந்த தண்ணீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோயிற்று. குறைந்த தண்ணீரை அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து பிஃபோர்ஸ்ஹைம் நகருக்கு அவ்வகை வண்டியில் சென்றார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பயணத்தில், வண்டிக்குத் தண்ணீர் தேடிப் பல இடங்களில் நிற்க வேண்டியிருந்தது. பின்னர், 1901-இல் பந்தயங்களில் வென்று புகழ்பெற்ற மெர்ஸிடிஸ் வண்டிக்கு, வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களின் உள்ளே காற்று ஓடும். அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அதன் பின்னால் மேபாக் ஒரு விசிறியையும் வைத்தார். வண்டி மெல்லச் செல்லும்போது காற்றுப் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடர் கார் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அந்த வண்டியில் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் சுழன்றால் விசிறியும் சுழலும். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் சுழல்தண்டு பக்கத்தை நோக்கி இருக்கிறது. ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. இரண்டையும் பெல்ட்டால் பிணைப்பது எளிதன்று. ஆகவே விசிறிக்குத் தனியாக ஒரு மின்மோட்டார் வைத்தார்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. வேண்டியபோது மட்டும் விசிறி சுழலும். காலைக் குளிரில் வீணாகச் சுழன்று பெட்ரோலை விழுங்காது. ஆனால் தொல்லையும் உண்டு. பெல்ட்டு அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் எங்கே அறுந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. அறிவைக் கொண்டுதான் தேட வேண்டும்.

பொதுவாக நீர் 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை அடைந்ததும் தெர்மாஸ்டாட் என்னும் சிறு கதவு திறந்து, அதை ரேடியேட்டருக்குள் விடுகிறது. 95 முதல் 100 டிகிரி அளவில் விசிறி சுழலத் தொடங்குகிறது. 100 டிகிரியில் தண்ணீர் கொதித்துவிடாதா என்று நீங்கள் கேட்டால் மகிழ்வேன். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தோடு ஏறக்குறைய அதே அளவு அழுத்தம் இன்னும் ஒரு மடங்கு சேர்ந்தால், வெறுந்தண்ணீரே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். இதனால்தான் சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது என்கிறார்கள். திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கிவிடும். அதுவரை அடங்கியிருந்த நீர் அப்போதே கொதித்து முகத்தின்மேல் பீறிட்டுப் பாயும். இதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருவோம். சாலையில் ஓடியபோது முள் ஏறவில்லை. கேட்டில் நின்றபோதுதான் ஏறிற்று. இந்த ஒரு செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி. நிற்கும் வண்டிக்குத்தான் மின்விசிறியின் துணை வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தாலோ, தண்ணீரைச் சுழற்றும் பம்பு பழுதாகியிருந்தாலோ, பெரும்பாலும் ஓடும்போதும் சூடேறியிருக்கும். ஆகவே குறை விசிறியின் பக்கம் இருக்கிறது. இதுவரை நான் சரியாகவே எண்ணினேன். இதற்குப் பிறகுதான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

யாரோ ஒரு நண்பருடைய காரில் இப்படித்தான் ரிலே கெட்டுப்போயிற்று என்று முன்பு கேட்டிருந்தேன். மறுநாள் காலை கடைக்குச் சென்று புதிய ரிலே ஒன்றை வாங்கினேன். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பொருத்தி, கம்பிகளை அப்படியும் இப்படியும் நகர்த்திச் சரிசெய்து, நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறிற்று, விசிறி சுழன்றது. "நோய் தீர்ந்தது" என்று என் மனைவியிடம் அறிவித்தேன். நான்காம் நாள் கடைத்தெரு நெரிசலில் முள் மறுபடியும் சிவப்பை நோக்கிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பழம் என் தலையிலேயே விழுந்தபோது எனக்கு அது தெரியவில்லை.

ரிலே இல்லையென்றால் வெப்ப ஸ்விட்சாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். நீர் சூடேறியதும் தானாக இணைந்து விசிறிக்குக் கட்டளை அனுப்பும் சிறு பொருள் அது. அதையும் புதிதாக வாங்கினேன். பழையதைக் கழற்றும்போது கூலண்ட் நீரில் பாதி தரையில் கொட்டிற்று. அதையும் வாங்கி நிரப்பினேன். எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறிக்கொண்டே போயிற்று. விசிறி அசையவில்லை.

சலிப்போடு எஞ்சினை நிறுத்தினேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்மூடியைத் தூக்கினேன். பேரன் என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான். முகப்பு விளக்கின் அடியில் தொங்கிய கறுப்புக் கம்பி ஒன்றை விரலால் தள்ளினான். அக்கணமே விசிறி விர்ரென்று சுழன்றது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சுண்டுவிரல் நுனியில் ஒரு கீறல். இரண்டு சொட்டு இரத்தம். அரை அங்குலம் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

அச்சம் பல வேளைகளில் சினமாகவே வெளிப்படுகிறது. "கையை ஏன் விட்டாய்? அறிவில்லையா?" என்று தெருவுக்குக் கேட்கும்படி அவனைக் கடிந்தேன். அவன் கண்ணீரோடு, "தாத்தா, நான் கம்பியைத் தொட்டதும்தான் அது சுற்றிற்று" என்றான். "வாயை மூடு, உள்ளே போ" என்றேன். அவன் போய்விட்டான். சற்று நேரத்தில் விசிறியும் நின்றுவிட்டது.

உண்மையில் பிழை முழுவதும் என்னுடையது. நீர் சூடாக இருக்கும்வரை, சாவியை எடுத்த பின்னும் விசிறி தானாகவே சுழலக்கூடிய கார்கள் பல உண்டு. ஆகவே விசிறியின் அருகே கையைக் கொண்டுபோகும் முன்பு, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சோதனைக்காக மின்சாரம் வேண்டியிருக்கும் நேரத்தில், விரல்கள் மட்டுமல்ல, துண்டு, தாவணி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் விசிறியின் அருகே போகலாகாது. இதைப் பேரனுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லாமல் விட்டுவிட்டு, அவனைக் கடிந்தேன்.

அன்று மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, எங்கள் ஊரில் மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றேன். அவர் என்னிடம் படித்தவர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒருநாள் வகுப்பில் ஓம் விதியைக் கேட்டபோது விடை சொல்லமுடியாமல் நின்றார் என்பது எனக்கு மங்கலாக நினைவிருந்தது. அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். பேரனுடைய விரலைப்பற்றி மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னென்ன மாற்றினீர்கள் என்று சொன்னீர்கள், ஐயா. மாற்றுவதற்கு முன்னால் என்னென்ன சோதித்துப் பார்த்தீர்கள்?" என்றார். என்னிடம் விடையில்லை. இப்போது பெஞ்சின்மேல் நின்றவன் நான்.

அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் வண்டி நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். பிறகு மூடியைத் திறந்து நீரின் அளவைப் பார்த்தார். "தண்ணீரில் மூழ்காத ஸ்விட்சுக்குச் சூடு தெரியாது, ஐயா" என்றார். நீர் நிறைந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தார். தடையின்றிச் சுழன்றது. மோட்டார் இறுகிப்போகவில்லை.

பேட்டரியை மீண்டும் இணைத்து எஞ்சினை ஓடவிட்டார். ஏ.சி. பொத்தானை அழுத்தினார். என் காரில் ஏ.சி. ஓடினாலே இந்த விசிறியும் சுழல வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் இந்தக் கட்டளை வெப்ப ஸ்விட்சை நாடாமல் வேறு வழியாக வருகிறது. அப்போதும் விசிறி அசையவில்லை. "இரண்டு வழியாகக் கட்டளை போயும் சுழலவில்லை. ஆகவே இரண்டு வழிக்கும் பொதுவான இடத்தில்தான் குறை" என்றார். அரை நிமிடச் சோதனை. அதை நான் செய்திருந்தால், புதிய வெப்ப ஸ்விட்சு கடையிலேயே இருந்திருக்கும். கூலண்டும் தரையில் கொட்டியிருக்காது.

அடுத்தது உருகி என்று நம் பாடநூல் கூறும் ஃப்யூஸ். அதை வெறுங்கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், சோதனை விளக்கின் முனையை அதன் இரு பக்கமும் வைத்துப் பார்த்தார். இரு பக்கமும் விளக்கு எரிந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. "இது எரிந்துபோயிருந்தால் சிலர் பெரிய ஃப்யூஸைச் செருகிவிடுகிறார்கள். பிறகு ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியே எரிந்துபோகும்" என்றார். உருகி எரிவது நோயன்று, நோயின் அறிகுறி.

மூன்றாவது ரிலே. 1835-ஆம் ஆண்டளவில் ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க அறிஞர் கண்ட வழி இது: சிறிய மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கும், அம்மின்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் பாதையைத் திறந்துவிடும். காரிலுள்ள ரிலேயின் சுருளில் ஓடுவது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அதன் முனைகளோ 30 ஆம்பியர் வரை தாங்கவல்லவை. ஏ.சி. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ரிலேயின்மேல் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். 'டிக்' என்ற மெல்லிய அசைவு விரலுக்குத் தெரிந்தது. கட்டளை அங்கே வரை வந்துவிட்டது என்பது அதன் பொருள். ஆனால் முனைகள் உண்மையிலேயே மின்சாரத்தைக் கடத்துகின்றனவா என்பது அந்த ஓசையால் விளங்காது. ஓசை வேறு; வேலை வேறு.

அதை அறிய அவர் மோட்டாருக்குச் செல்லும் இணைப்பைப் பிரித்தார். பழைய முகப்பு விளக்கின் பல்பு ஒன்றை எடுத்தார். 55 வாட் பல்பு. அதில் இரண்டு கம்பிகள் பற்றவைத்திருந்தார். ஒரு கம்பியை, மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுவரும் முனையில் வைத்தார். மற்றதைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்தார். பல்பு கண் கூசும்படி எரிந்தது. ஃப்யூஸ், ரிலே, அவற்றுக்கு இடையேயுள்ள கம்பிகள் யாவும் குற்றமற்றவை என்று அந்த ஒரே சோதனையில் தீர்ப்பாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. என் பையிலிருந்த மல்டிமீட்டர் என்னும் அளவியை எடுத்து, இணைப்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தேன். 12 வோல்ட் காட்டிற்று. "மின்சாரம் முழுமையாக வந்துவிட்டது. ஆகவே மோட்டார்தான் கெட்டுப்போயிருக்கிறது. நாளைக்கே புதிய மோட்டார் வாங்கிவிடுகிறேன்" என்றேன். இது என்னுடைய மூன்றாவது ஊகம். விலையில் முந்தைய இரண்டையும் விடப் பெரியது.

அவர் மறுத்துப் பேசவில்லை. அதே பல்பை, நான் அளவியை வைத்த அதே இரண்டு முனைகளிலும் வைத்தார். பல்பு மங்கிய செந்நிறமாய் மினுங்கிற்று. அவ்வளவுதான். சற்றுமுன் கண்ணைக் கூசச் செய்த பல்பு அதுவே. இரண்டு சோதனைகளுக்கும் வேறுபாடு ஒன்றே. முதலில் மின்சாரம் அவருடைய கம்பி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிற்று. இப்போது காரின் உடல் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியில்தான் கோளாறு.

அப்படியானால் அளவி ஏன் 12 வோல்ட் காட்டிற்று? மாணவர்களே, இதுவே இன்றைய பாடத்தின் நடு முடிச்சு. ஒரு தண்ணீர்க் குழாயில் பெரிய அடைப்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள். குழாயைத் திறக்காமல் அழுத்தத்தை மட்டும் அளந்தால் முழு அழுத்தத்தையே காட்டும். திறந்து குடத்தை வைத்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். நல்ல அளவியின் உள்தடை கோடி ஓம் அளவில் இருக்கிறது. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இல்லையென்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது. அவ்வளவு சிறிய ஓட்டத்துக்குத் துருப்பிடித்த இணைப்பு ஒரு தடையே அன்று. விசிறி மோட்டாரோ 10 ஆம்பியர் அளவில் கேட்கிறது. துருவின் தடை ஓர் ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் அதைக் கடக்க 10 வோல்ட் செலவாக வேண்டும். மோட்டாருக்கு மிஞ்சுவது இரண்டே வோல்ட். அதைக் கொண்டு அந்த ஓட்டம் பாயாது, மோட்டாரும் அசையாது. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய அதே ஓம் விதி. அன்று விடை சொல்லாமல் நின்ற மாணவர் அதை ஒரு பல்பில் வைத்து எனக்குக் காட்டினார்.

பிறகு தேட வேண்டிய இடம் ஒரு முழ நீளந்தான். மோட்டாரிலிருந்து வரும் கறுப்புக் கம்பி, முகப்பு விளக்கின் அடியில் காரின் உடலோடு ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் அதை எர்த்து என்பார்கள். அந்தத் திருகாணி துருவேறித் தளர்ந்திருந்தது. "தொட்டால் சேரும், விட்டால் பிரியும் இணைப்பு, ஐயா இது. நீங்கள் ரிலே மாற்றியபோது கம்பிகளை அசைத்திருப்பீர்கள். அதனால் நான்கு நாள் ஓடியிருக்கும். வேறு எப்போதாவது, யாராவது இதைத் தொட்டபோது விசிறி சுற்றவில்லையா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. என் பேரன் கண்ணீரோடு சொன்ன சொற்கள் அப்போதுதான் என் காதில் விழுந்தன.

அவர் துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, புதிய திருகாணியிட்டு இறுக்கி, ஈரம் சேராதபடி மேலே கிரீஸ் தடவினார். பல்பைத் திரும்பவும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. அதன் பிறகே மோட்டாரை இணைத்தார். விசிறி சுழன்றது. அவர் கேட்ட கூலி, நான் வீணாக வாங்கிய ரிலேயின் விலையில் பாதிகூட இல்லை.

உங்களில் சிலர் புதிய கார்களைப்பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் பலவற்றில் வெப்ப ஸ்விட்சுக்குப் பதிலாக, சூடு ஏற ஏறத் தடை குறையும் உணரி ஒன்று இருக்கிறது. அது சொல்லும் செய்தியைக் கேட்டு, ஒரு சிறு கணிப்பொறி விசிறிக்கு ஆணையிடுகிறது. பழைய கார்களில் வெப்ப ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து விசிறியைச் சோதிப்பார்கள். புதிய கார்களின் உணரியில் அப்படிச் செய்யலாகாது. கணிப்பொறிக்குக் கேடு விளையக்கூடும். அவற்றில் பிழைக் குறிகளைப் படித்துச் சொல்லும் கருவியோடு தொடங்குவதே முறை. ஆனால் நீரின் அளவு, ஃப்யூஸ், ரிலே, மின்சாரம் வரும் வழி, திரும்பும் வழி, மோட்டார் என்ற ஒழுங்கு அங்கும் மாறுவதில்லை.

வழியில் முள் சிவப்பை நோக்கி ஏறினால் என்ன செய்வது? உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். காரில் வெப்பக் காற்று வசதி இருந்தால் அதை முழுமையாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். உங்களுக்கு வியர்க்கும், எஞ்சின் சற்றே பிழைக்கும். அதற்குள் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருங்கள். மூடியைத் திறக்காதீர்கள். எஞ்சின் ஆறுவதற்கு அரை மணிக்குக் குறையாமல் வேண்டும். அதற்கு மேலும் ஆகலாம்.

அன்றிரவு வீடு திரும்பியதும் பேரனைத் தேடினேன். அவன் விரலில் துணி சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "நீ சொன்னதுதான் சரி. அந்தக் கம்பிதான் காரணம்" என்றேன். அவன் சற்று யோசித்து, "பின்னே ஏன் தாத்தா, என்னை வாயை மூடச் சொன்னீர்கள்?" என்று கேட்டான். "பயந்துபோய்விட்டேன். பயத்தில் கேட்கத் தவறிவிட்டேன். என் பிழைதான்" என்றேன். அவன் அதை ஏற்றுக்கொண்டான். மறுநாள் அந்தத் திருகாணியைக் காட்டச் சொன்னான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காட்டினேன்.

மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ ஆண்டுகள் நின்றிருக்கிறேன். சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதிய சரியான விடைக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். தான் கண்டதைக் கண்டபடி எழுதிய மாணவனுடைய விடை பாடநூலோடு ஒத்துவராதபோது, சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அவன் நோட்டில் ஒருவேளை துருப்பிடித்த இணைப்பொன்றின் செய்தி இருந்திருக்கலாம். அவனை அழைத்து, "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த மாணவர்களெல்லாம் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று பிழை பொறுக்கக் கேட்க இயலாது. உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இன்று வந்தேன்.

ஒரு பொருள் இயங்காதபோது, எதை மாற்றலாம் என்று கேளாதீர்கள். எதுவரை நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அதன் விடையைக் கேட்ட பிறகே அடுத்த கேள்வி. விடையைச் சொல்வது அளவியாக இருக்கலாம். பழைய பல்பாக இருக்கலாம். ஏழாம் வகுப்புச் சிறுவனாகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்கள்.